தங்கமான பையனுக்கு ஒரு சாட்சி

1

எங்கள் அலுவலகத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. வித்தியாசமான மூளைகளே உலகை மாற்றின என்று எழுதி, கீழே ஒரு விஞ்ஞானி, ஓர் ஓவியர், ஓர் இசைக்காரர், ஒரு கோடீசுவரர் ஆகியோரை வட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். எல்லாரும் காலமாகிவிட்டவர்கள். அவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சிரமம் இனி யாருக்கும் இல்லை. விழிப்புணர்வு வாரத்துக்காக ஒட்டியது. அந்த வாரத்தில் எங்களுக்கு கேக் கொடுத்தார்கள், காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமையன்று, சுவரொட்டிக்கு எதிர் அறையில் உட்காரவைத்து, என் நடத்தை குறித்து முறையான விசாரணை நடக்கும் என்று எனக்கு மட்டும் ஒரு நோட்டீஸும் கொடுத்தார்கள்.

இங்கிலாந்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரயில் சிக்னல்களுக்கான வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் எங்கே பிசகு இருக்கிறதோ அங்கே என் கண் தானாகப் போய் நிற்கும். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சிலருக்கு மூக்கு நீளமாக இருப்பது போலத்தான். பழைய கட்டடத்தில் எனக்கென்று ஒரு மூலை இருந்தது, யாரும் தொந்தரவு செய்யாமல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கட்டடத்தில் யாருக்கும் மேசை கிடையாது. காலையில் வந்தவுடன் காலியாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாலா பக்கமும் பேச்சு, சிரிப்பு, காப்பி இயந்திரத்தின் இரைச்சல். மன்னார்குடி பேருந்து நிலையத்தில் பரீட்சை எழுதுவது மாதிரி.

என்மீது சொல்லப்பட்ட குற்றங்களை உங்களிடம் மறைப்பானேன். கூட்டத்தின் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டேன். பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வந்த வாடிக்கையாளர் முன்னால், மேலதிகாரியின் திட்டம் தப்பு என்று சொன்னேன். திட்டம் தப்புதான். ஆனால் அது விசாரணையின் வரம்புக்குள் வராது என்றார்கள்.

தொழிற்சங்கத்து ஆள் ஒருவர், பெரிய மனதுக்காரர், என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: விசாரணைக்கு முன்னால் டாக்டரின் அறிக்கை ஒன்று வாங்கிவிடு. அறிக்கை இருந்தால் நீ வித்தியாசமான மூளை, அலுவலகம் உனக்கு வசதி செய்துகொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெறும் மரியாதை தெரியாத ஆள், அனுப்பிவிடலாம்.

இந்தச் சந்தேகம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தபோது, அந்த அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, எல்லாரும் இப்படித்தானே என்று கேட்டேன். அவள் என்னிடம் தமிழில் பேசுவதே அபூர்வம். அன்று பேசினாள்.

"எல்லாரும் இல்லப்பா. நீங்களும் நானும் மட்டும்தான். ஒரிஜினல் நீங்க, நான் ஜெராக்ஸ்."

2

டாக்டரிடம் நாள் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. என்னை மட்டும் கேட்டால் போதாதாம். சின்ன வயதில் என்னைத் தெரிந்த ஒருவரிடம் பேச வேண்டும். அப்போதே இருந்திருந்தால்தான் அது ஆட்டிசம். ஐம்பது வயதில் புதிதாக முளைத்திருந்தால் அது வேறு ஏதோ, பெரும்பாலும் திமிர்.

அப்பா, அம்மா இருவரும் இல்லை. இருப்பது அக்கா மட்டும்தான். ஆரோக்கியமேரி, மன்னார்குடியில் இருக்கிறாள். ஐந்து வயது முடியும்வரை நான் பேசவில்லை என்று அம்மா ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்தக் காலத்தின் நினைவு எதுவும் இல்லை. அதை முழுதாக வைத்திருப்பவள் அக்கா.

போனில் சொன்னேன். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று அக்கா குடைந்தாள். டாக்டர் என்றேன். உனக்கு என்ன என்றாள். ஒன்றும் இல்லை, மூளையைப் பற்றி என்றேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்றேன்.

"அது நான் பாத்துக்குறேன், நீ கவலைப்படாத" என்றாள்.

அப்போதே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் ஆள் ஒருவர் வந்து, இந்தப் பையன் எப்படி என்று கேட்டால் நம் பக்கத்தில் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று பெண் கொடுக்க வந்திருப்பார், இல்லை பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்திருப்பார். இரண்டுக்கும் ஒரே பதில்தான், தங்கமான பையன். எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் நிற்கவே முடியாத அளவுக்குக் குடிக்கிற ஒருவருக்கு நாகப்பட்டினத்திலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். எங்கள் அப்பா, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர், அவர்களிடம் சொன்னார்: சாயங்காலம் ஆனா வீட்டை விட்டு எங்கயும் போக மாட்டாருங்க. பொய் இல்லை பாருங்கள். ஊரே சேர்ந்து ஒருவனைக் கரையேற்றும் வழக்கம் இது. இதில் உண்மை பேசுகிறவன் ஊருக்குத் துரோகி.

அக்காவிடம் லேப்டாப் இல்லை. கீழ்வேளூரில் அவள் மகள் ஜெனிபரின் வீட்டில் இருக்கிறது. அங்கே போய்ப் பேசுவதாக ஏற்பாடு. விசாரணைக்கு மிஞ்சியிருந்தது ஒரே வாரம்.

3

இங்கே காலை, அங்கே பிற்பகல். திரையில் முதலில் டாக்டர் வந்தார், கூந்தல் நரைத்த, மெதுவாகப் பேசும் அம்மாள். அடுத்து மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துப் பெண். கடைசியாக அக்கா. பட்டுப் புடவை, கழுத்தில் சிலுவை டாலர், பின்னால் சுவரில் இருதய ஆண்டவர் படமும் அதன் சின்னச் சிவப்பு பல்பும். பக்கத்தில், பாதி உடம்பு மட்டும் திரையில் தெரிய, ஜெனிபரின் கணவர் அமலன். நெல் அறுக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவர். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் வண்டி கேட்டு அவர் போன் ஓயாமல் அதிர்ந்தது. அவரோ ஒவ்வொரு முறையும் அதைத் துண்டித்துவிட்டு, நகராமல் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் கூட இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாளில் எனக்கு இவ்வளவு பொருத்தமான உத்தரவை யாரும் போட்டதில்லை.

"அம்மா, உங்கட தம்பி சின்ன வயசில மற்றப் பிள்ளையளோட சேர்ந்து விளையாடுறவரோ எண்டு டொக்டர் கேக்கிறா."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் என் பின்னால்தான் திரியும் என்றாள். சத்தம் கேட்டால் பயப்படுவாரா? சேச்சே, வெடி போட முதல் ஆளாகப் போவான். சாப்பாட்டில் பிடிவாதம் உண்டா? போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் கழுவி வைப்பான். நடுவில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, உனக்கு எந்த ஊரும்மா, கல்யாணம் ஆயிடுச்சா என்று விசாரித்தாள். அந்தப் பெண் அதையும் கடமை தவறாமல் ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். இதுதான் முக்கியமானது என்று எனக்குத் தெரியும். எப்போது பேச ஆரம்பித்தார்?

அக்காவின் கண் ஒரு கணம் பக்கவாட்டில் அமலன் பக்கம் போய்த் திரும்பியது.

"பத்து மாசத்துல பேசிட்டான்ங்க. ஒரு வயசுல பரலோக மந்திரம் முழுசா சொல்லுவான்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சகோதரி சொல்வதைப் பார்த்தால் குழந்தைப் பருவத்தில் எந்த அறிகுறியும் இல்லை, அது இல்லாமல் நான் எதையும் எழுதித் தர இயலாது என்று என்னிடம் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார். ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு மிச்சக் கேள்விகளையும் முடித்துவிடலாம் என்றார்.

தங்கமான பையனாகவே நான் வேலையை இழக்கப் போகிறேன் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

4

அக்காவின் கைபேசிக்குக் கூப்பிட்டேன். கொல்லைப் பக்கம் போய் எடுத்தாள் போலிருக்கிறது. கோழிகளின் சத்தம் கேட்டது.

"என்னக்கா இப்படி அளந்து விடுற?"

"பின்ன என்னடா பண்ணச் சொல்ற? மாப்பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருக்காரு."

"இருந்தா என்ன?"

அதற்குப் பிறகு அவள் கிசுகிசுத்ததை நான் இங்கே சுருக்கித்தான் சொல்ல முடியும். ஜெனிபரின் மகள் சகாயாவுக்கு நாலு வயது ஆகிவிட்டது. இன்னும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வீடே அதிரக் கத்துகிறாள். கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அமலனின் அம்மா கேட்டிருக்கிறார், இது யார் வழியில் வந்தது என்று. எங்கள் வம்சத்திலேயே இப்படிக் கிடையாது என்று அக்கா ஆண்டவர் படத்தைக் காட்டிச் சத்தியம் செய்திருக்கிறாள். டாக்டரிடம் காட்டலாம் என்று ஜெனிபர் சொன்னதற்கு, காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும், பிறகு அது நிலைத்துவிடும் என்று மாமியார் தடுத்துவிட்டார். அமலன் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாத மனிதனைப் பார்த்துத்தான் அக்காவுக்குப் பயம்.

"இப்ப நான் உன்னைப் பத்தி உள்ளதைச் சொன்னா, ஜெனிபர் பொட்டியக் கட்டிக்கிட்டு மன்னார்குடிக்கு வந்துட வேண்டியதுதான்" என்றாள்.

என் பக்கம் ஒரு வேலை. அவள் பக்கம் ஒரு மகளின் குடித்தனம். தராசில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் சொல்லக்கா என்றேன். தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு வாக்கியம் எதுவும் எனக்கு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை.

பிறகு ஒன்று கேட்டேன்.

"என்னை அப்ப டாக்டர்கிட்ட காட்டினீங்களாக்கா?"

"எங்க காட்டுனாங்க. உனக்குத்தான் நான் இருந்தனே."

"பாப்பாவுக்கு யாரு இருக்கா?"

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். இந்த மாதிரிக் கேள்விகளுக்காகத்தான் என்னை விசாரிக்கப் போகிறார்கள். கோழிகளின் சத்தம் நின்றுபோனது. போன் துண்டிக்கப்பட்டதா, அவளே துண்டித்தாளா என்று எனக்கு விளங்கவில்லை.

5

எல்லாரும் மறுபடி திரைக்கு வந்தோம். டாக்டர் காகிதத்தைப் புரட்டி அடுத்த கேள்வியை ஆரம்பித்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அம்மா, கொஞ்சம் இருங்க. முன்னாடி நான் சொன்னதையெல்லாம் அடிச்சிடச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் புரியாமல், எல்லாத்தையுமோ என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்தான். அது வெளியாளுக்குச் சொல்றது."

அக்கா கேமராவைப் பார்க்கவில்லை. திரும்பி அமலனைப் பார்த்தபடியே பேசினாள். அஞ்சு வயது முடியும்வரை என் வாயில் ஒரு சொல் கிடையாது. தேர்த் திருவிழாவுக்கு வெடி போட்டால் நெல் பத்தாயத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுவேன், இருட்டும்வரை தேடுவார்கள். இட்லியைத் தவிர எதையும் தொட மாட்டேன், அதுவும் ஓரம் உடைந்திருந்தால் தட்டையே தள்ளிவிடுவேன். (இப்போதும் உடைந்த இட்லியைக் கடைசியில்தான் தின்கிறேன். அது கொள்கை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.) பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால் அக்காதான் தன் வகுப்பிலிருந்து ஓடி வந்து உள்ளேன் ஐயா என்பாளாம். தெருவில் யாராவது கேட்டால் கூச்ச சுபாவம் என்று சொல்லச் சொல்லி அம்மா எல்லாருக்கும் பழக்கியிருந்தாளாம்.

"எங்க பக்கம் இருந்ததுதான் மாப்பிள்ளை. நான்தான் இல்லைன்னு சத்தியம் பண்ணினேன்."

டாக்டரின் பேனா ஓடிய வேகத்திலேயே என் சங்கதி நல்லபடியாக முடிந்துவிட்டது தெரிந்தது. பின்னால் அறிக்கை வந்தது, விசாரணையில் வைத்தேன், இப்போது சுவரைப் பார்த்த ஒரு மேசை தந்திருக்கிறார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. அமலனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் அவர் போன் அதிர்ந்தது. எடுத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அதை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். சமையலறை வாசலில் ஜெனிபர் வந்து நிற்பது பின்னால் மங்கலாகத் தெரிந்தது.

"மாமா" என்றார் என்னைப் பார்த்து. "அத்தை சொல்றது நெசமா?"

வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவு நினைவுக்கு வந்தது. டாக்டரைப் பார்த்தேன். பேசலாம் என்று அவர் தலையை அசைத்தார்.

"நெசம்தான் மாப்பிள்ளை."

"இப்ப எப்படி இருக்கீங்க?"

சாதாரணமாக எல்லாரும் கேட்கிற கேள்வி. ஆனால் அவர் விசாரிக்க வந்திருந்தார். தன் மகளுக்காக, அவள் போய்ச் சேரப்போகிற இடத்தைப் பற்றி, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவனிடம் கேட்கிறார். நான் நாலு வார்த்தை தங்கமாகச் சொல்லியிருக்கலாம். இங்கிலாந்து, ரயில்வே, சொந்த வீடு. அக்காவின் முகமும் அதைத்தான் கெஞ்சியது. அப்படிச் சொல்லியிருந்தால், எல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று அந்த வீட்டில் இன்னும் நாலு வருஷம் காத்திருப்பார்கள்.

"சிரமமாத்தான் இருக்கு மாப்பிள்ளை. மூணு பேர் சேர்ந்து பேசுனா எனக்கு வெயில்ல நிக்கிற மாதிரி இருக்கும். அதனால இப்ப வேலை போற நிலைமையில இருக்கேன். ஆனா வேலை எனக்கு நல்லாத் தெரியும். வீடு இருக்கு, பொண்ணு இருக்கா. அவளும் இப்படித்தான், என்னைவிட நல்லா இருக்கா. ஏன்னா அவளுக்குச் சின்னதுலயே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் போயிடுச்சு, அதுதான் கஷ்டம்."

மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் இதையெல்லாம் டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அமலன் முகத்தைக் கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, டாக்டர் இத்தனை நேரமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எப்படிப் பேச வெச்சீங்க அத்தை?"

எனக்கே அது தெரியாது. அக்கா புடவைத் தலைப்பை மடியில் வைத்து மடித்தபடி சொன்னாள். எங்கள் வீட்டு வாசலில்தான் கும்பகோணம் பஸ் நிற்கும். கண்டக்டர் ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கத்துவார். பேசாத நான், அந்த வரிசையை மட்டும் ஓர் ஊர் பிசகாமல், கண்டக்டரின் குரலிலேயே நாள் முழுக்க முனகிக்கொண்டிருப்பேனாம். கிறுக்குத்தனம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

"ஒரு நா விளையாட்டா விசிலை ஊதிட்டு, எங்க போவணும், டிக்கெட் டிக்கெட்டுன்னேன். வலங்கைமான்னு சொன்னான். அதான் இவன் எனக்குச் சொன்ன மொதல் பதில். அப்புறம் அதுதான் வழி. பசிக்குதான்னு கேட்டா பேச மாட்டான். டிக்கெட் கேக்குற மாதிரி கேட்டா சொல்லிடுவான்."

அமலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் யாரையோ பார்க்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"பாப்பா வெங்காய வண்டி மைக்குல வர்றத சொல்லும் அத்தை" என்றார். "அந்த ஆளு குரல்லயே சொல்லும். நாங்க அதைப் பேச்சுன்னே நினைக்கல."

அக்கா நாற்காலியை விட்டு இறங்கினாள். திரையில் அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெனிபர் வாசற்படியிலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள்.

"வெங்காயம், வெங்காயம்" என்றாள் அக்கா. "ஏங்க வெங்காயக்காரரே, என்ன விலைங்க?"

ஒன்றும் இல்லை. அமலன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது தோளில் தெரிந்தது. அக்கா மறுபடியும், அதே குரலில், அவசரப்படாமல் கேட்டாள். என்ன விலைங்க?

மேசைக்கு அடியிலிருந்து, ஒலிபெருக்கியில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன ஓர் ஆளின் குரல் வந்தது. அளவில் மட்டும் சின்னது.

"நூறு ரூவாய்க்கு நாலு கிலோ. வாங்கம்மா வாங்க."

"எனக்கு நாலு கிலோ போடுங்க" என்றாள் அக்கா.

மொழிபெயர்ப்பாளர் எதையும் விட்டுவிடக் கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்த வேலையில் இருப்பவள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வெங்காயம் நாலு கிலோ நூறு ரூபாய், வாங்கம்மா வாங்க என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் பேனாவை எடுத்தார். எந்தக் கேள்விக்கு எதிரே என்று எனக்குத் தெரியாது, அதையும் எழுதிக்கொண்டார்.